தேயிலைப் பெட்டிக் குஞ்சுகள்

என் அப்பாவுக்குக் கோழி என்றாலே ஆகாது. குழம்பில் கிடந்தால் மட்டும் அதன் பழைய குற்றங்களை மன்னிப்பார். உயிரோடு நடமாடும் கோழி ஒன்று கண்ணில் பட்டுவிட்டால், அது அப்போதுதான் தன் நாற்றங்காலைக் கிளறிவிட்டு வருகிறது என்றே எடுத்துக்கொள்வார். பெரும்பாலும் அது உண்மையாகவும் இருக்கும். கோபிசெட்டிபாளையத்தை ஒட்டி வாய்க்கால் பாசனத்தில் எங்களுக்குத் தோட்டம் இருந்தது, நெல்லும் வாழையும். விதை தெளித்து நாற்று தலைகாட்டுகிற சமயம் பார்த்துத்தான் எங்கள் வீட்டுக் கோழிகளுக்கு உலகத்தில் வேறு எங்குமே புழு கிடைக்காமல் போகும். அப்படி ஒரு நாள் காலையில் வயலைப் பார்த்துவிட்டு வந்த அப்பா, "இனி இந்த வாசல்ல ஒண்ணு கோழி இருக்கோணும், இல்லாட்டி நான் இருக்கோணும்" என்று சொல்லிவிட்டார். அம்மா சற்று நேரம் யோசித்துவிட்டு அப்பாவையே வைத்துக்கொண்டாள்.

கோழிகள் ஒவ்வொன்றாக அடுப்பேறின. ஒன்றை மட்டும் அம்மா விட்டுக்கொடுக்கவில்லை. பிறந்த வீட்டிலிருந்து கூடையில் வைத்துக் கொண்டுவந்த சிவப்புப் பெட்டை அது. அதை வாய்க்கால் மேட்டில் குடியிருந்த ஊர்க்கார அக்கா ஒருவரிடம் வாரத்துக்கு விட்டாள். வாரம் என்பது எங்கள் பக்கத்து ஏற்பாடு. கோழி நம்முடையது, வளர்ப்பது அவர்கள். தீனியும் காவலும் அவர்கள் பாடு. அது அடை உட்கார்ந்து குஞ்சு பொரித்து, குஞ்சுகள் தாயை விட்டுப் பிரிந்து மேயும் அளவுக்கு வந்ததும் ஆளுக்குப் பாதி. இதற்குப் பத்திரமும் கிடையாது, சாட்சியும் கிடையாது. எங்கள் ஊரில் வரப்புக்காக அண்ணன் தம்பி பேசாமல் இருந்த குடும்பங்கள் உண்டு. வாரக்கோழிக்காக யாரும் யாரையும் ஏமாற்றி நான் கேள்விப்பட்டதில்லை.

வீட்டில் கோழி இல்லாமல் போனதில் எனக்குத்தான் பெரிய நஷ்டம். நாலாம் வகுப்பு முடித்திருந்தேன். முழுப் பரீட்சை லீவு தொடங்கியிருந்தது. விளையாடக் கூடப்பிறந்தவர்களும் இல்லை, குஞ்சுகளும் இல்லை. அந்த லீவில்தான் மாமா வந்து சேர்ந்தார்.

மாமா என்றால் அம்மாவின் ஒரே தம்பி. கோயம்புத்தூரில் அப்போது தடுக்கி விழுந்தால் ஏதாவது ஒரு கிரைண்டர் பட்டறையில்தான் விழ வேண்டும். மாமாவும் கணபதிப் பக்கம் ஒரு சிநேகிதரோடு சேர்ந்து பட்டறை வைத்திருந்தார். மோட்டார் கட்டுவதிலிருந்து கல் பொருத்துவதுவரை அவரே செய்வார். அந்தக் கிரைண்டர்கள் பார்க்க அழகாக இருக்கும், சத்தமே வராது. ஆனால் சில மாதங்கள் ஓடியதும் அடியிலிருந்து கருப்பு எண்ணெய் கசிந்து மாவில் கலந்துவிடும். வாங்கியவர்கள் ஒவ்வொருவராகத் திருப்பிக் கொண்டுவந்து பட்டறை வாசலில் இறக்கினார்கள். சிநேகிதர் வேறு கம்பெனிக்குப் போய்விட்டார். மாமா கடைசியாகத் திரும்பி வந்த கிரைண்டர் ஒன்றை பஸ் கூரையில் கட்டி எடுத்துக்கொண்டு எங்கள் வீட்டுக்கு வந்துவிட்டார்.

வந்தவர் சாமான் அறையில் கயிற்றுக்கட்டிலைப் போட்டுச் சுவரைப் பார்த்துப் படுத்தார். தாடி வளர்ந்தது. சாப்பிடு என்றால் சாப்பிட்டார், எழுந்திரு என்றால் எழுந்தார். எப்போது வந்தாலும் என்னைத் தூக்கித் தட்டாமாலை சுற்றுகிற மனிதர், நான் எதிரே போய் நின்றாலும் வாசலைப் பார்ப்பது மாதிரிப் பார்த்தார். அப்பா தொழில் தேடும் வழியில் யோசித்தார். திருப்பூரில் தெரிந்தவர் ஒருவரின் பனியன் கம்பெனியில் வேலைக்குச் சொல்லி வைத்தார். அம்மா வேறு வழியில் யோசித்தாள்.

"அம்மிணி, நீ மாமன்கூடவே இரு கண்ணு. எங்க போனாலும் கூடப் போ" என்றாள் என்னிடம்.

"மாமன் எங்கயுமே போறதில்லியே."

"போகாட்டிப் பரவால்ல. கூட இரு."

எனக்கு அது பெரிய உத்தியோகமாகத் தெரிந்தது. நான் கட்டிலுக்குக் கீழே பல்லாங்குழியைப் போட்டு உட்கார்ந்துகொண்டு, சுவரைப் பார்த்திருக்கும் மாமாவின் முதுகிடம் பேசிக்கொண்டே இருப்பேன். பள்ளிக்கூடத்துக் கதை, அப்பாவின் நாற்றங்கால் கதை, கோழிகள் அடுப்பேறிய சோகக் கதை. முதுகு பதில் சொல்லாது. அதனால் நானும் நிறுத்தத் தேவையில்லாமல் இருந்தது. அப்படிப் பேசிக்கொண்டிருந்த ஒரு நாள்தான் கேட்டேன்.

"ஏன் மாமா, கோழி இல்லாமலே குஞ்சு பொரிக்க முடியாதா?"

முதுகு அசைந்தது. "முடியும்" என்றது.

"எப்படி?"

மாமா திரும்பினார். "சூடு வேணும். ஒரே அளவாச் சூடு. அவ்வளவுதான். கோழி வேறென்ன பண்ணுது, உட்காந்துக்கிட்டுத்தான இருக்குது."

வந்த நாளிலிருந்து அவர் சேர்ந்தாற்போல் அவ்வளவு பேசியது அன்றைக்குத்தான். நான் ஓடிப்போய் அம்மாவிடம் சொன்னேன். அம்மா உரலில் ஆட்டிக்கொண்டிருந்த கையை அப்படியே விட்டுவிட்டு வந்து, "நிஜமாவா தம்பி? செஞ்சு குடேன் அவளுக்கு" என்றாள். சாயந்திரம் அப்பா காதுக்கும் போயிற்று. அவர் சிரித்துவிட்டு, "கோழிதான் வேண்டாம்னு சொன்னேன். கோழி இல்லாமக் குஞ்சு வந்தா வாசல்ல உட்டுக்கங்க, நான் ஒண்ணுஞ் சொல்லலை" என்றார். அவர் அதை வேடிக்கையாகச் சொன்னார். அம்மா அதை ஒப்பந்தமாக எடுத்துக்கொண்டாள்.

மறுநாள் மாமா தாடியோடு கட்டிலை விட்டு எழுந்தார். மேட்டுப்பாளையத்திலிருந்து எப்போதோ வந்த பழைய தேயிலைப் பெட்டி ஒன்று சாமான் அறையில் கிடந்தது. அதற்குள் தெர்மாகோல் ஒட்டினார். இரண்டு குண்டு பல்புகளைப் பொருத்தினார். ஓரத்தில் தண்ணீருக்கு ஒரு தகரக் கிண்ணம் வைத்தார். முன்பக்கத்தில் ஓட்டை வெட்டி, சட்டம் உடைந்த சாமி படத்தின் கண்ணாடியை வைத்து ஜன்னல் ஆக்கினார். கால்நடை ஆஸ்பத்திரியில் தெரிந்த ஒருவரிடமிருந்து வெப்பமானியும் வந்துவிட்டது. இதோடு விட்டிருந்தால் நல்ல மனிதர். ஆனால் அவர் கோயம்புத்தூர்க்காரர் ஆகிவிட்டாரே, மோட்டார் இல்லாமல் ஒரு பொருளை அவரால் விட முடியவில்லை.

அடை உட்கார்ந்த கோழி அவ்வப்போது அலகால் முட்டைகளைப் புரட்டிவிடுமாம். அந்த வேலையைச் செய்ய, கிரைண்டரிலிருந்து மோட்டாரைக் கழற்றி முட்டைத் தட்டோடு பெல்ட் போட்டு இணைத்தார். வெள்ளோட்டத்துக்கு முட்டைக்குப் பதிலாக எலுமிச்சம்பழங்களை அடுக்கினோம். சுவிட்சைப் போட்டதும் தட்டு மெதுவாகத்தான் கிளம்பியது. பிறகு அதற்கு உற்சாகம் வந்துவிட்டது. ஒரு பழம் அப்பாவின் காப்பி டம்ளரில் விழுந்தது. அப்பா டம்ளரையும் மாமாவையும் பார்த்துவிட்டு, "மாப்ளே, இது குஞ்சு பொரிக்கற மிஷினா, கவண் எறியற மிஷினா?" என்று கேட்டார். நான் பயந்துபோய் மாமாவைப் பார்த்தேன். மாமா சிரித்தார். அடுக்களை நிலைப்படியில் நின்றிருந்த அம்மா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

மோட்டார் கழற்றப்பட்டது. அதன் இடத்தில் நான் நியமிக்கப்பட்டேன்.

முட்டைகளை அம்மா வாய்க்கால் மேட்டு அக்காவிடமிருந்து மடியில் அரிசியைக் கொட்டி அதற்குள் வைத்து எடுத்துவந்தாள். "செவப்பும் அடைக்கு வந்துருச்சு. மிச்ச முட்டைய அதுக்கு வெச்சுட்டு வந்தேன்" என்றாள். மாமாவின் மிஷினுக்கு அன்றைக்கே ஒரு போட்டியாளர் முளைத்ததில் எனக்குக் கோபம். மாமா கோபித்துக்கொள்ளவில்லை. பென்சிலைக் கூராகச் சீவி, ஒவ்வொரு முட்டையிலும் ஒரு பக்கம் பெருக்கல் அடையாளமும் மறுபக்கம் சுழியும் போட்டார். காலையில் பெருக்கல் மேலே இருந்தால் மத்தியானம் சுழி மேலே வரும்படி நான் புரட்ட வேண்டும். ராத்திரி மறுபடியும் பெருக்கல். ஒரு முட்டைகூட அடையாளம் இல்லாமல் இருக்கக் கூடாது என்று ஒவ்வொன்றையும் எடுத்து என்னிடம் காட்டிக் காட்டித்தான் வைத்தார்.

பெட்டியை மூடப்போகும்போது அம்மா ஒரு மாட்டு லாடத்தைக் கொண்டுவந்து உள்ளே வைத்தாள். அடை முட்டையோடு ஒரு இரும்புத் துண்டு வைத்தால் இடி இடித்தாலும் கரு கலங்காது என்பது எங்கள் ஊர் வழக்கம்.

"அக்கா, இது மிஷினுங்கக்கா" என்றார் மாமா.

"மிஷினுக்கு இடி கேக்காதா?" என்றாள் அம்மா.

அதற்குப் பிறகு வந்த நாட்களை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் மனம் நிறைந்துவிடுகிறது. மாமா தாடியை எடுத்தார். சூடு ஏறினால் மூடியைக் கொஞ்சம் திறப்பதும் இறங்கினால் சாக்குப் போடுவதுமாக அந்தப் பெட்டியோடு குடித்தனம் நடத்தினார். நான் புரட்டி முடித்ததும், "சுழி எல்லாம் சரியாப் பாத்துட்டியா அம்மிணி?" என்று கேட்பார். பெரிய மனுஷி மாதிரி, "பாத்துட்டேன் மாமா" என்பேன். ஒரு வாரம் போனதும் டார்ச் வெளிச்சத்தில் ஒரு முட்டையைப் பிடித்து உள்ளே சிவப்பு நரம்புகள் ஓடுவதைக் காட்டினார். அன்றைக்கு மத்தியானம் அவர் இரண்டாவது முறை சோறு கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். அம்மா பரிமாறிவிட்டு அவர் சாப்பிடுவதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

மூன்றாவது வாரத்தில் கோடைமழை வந்தது. எங்கள் பக்கத்தில் அது மழையாக வருவதற்கு முன்னால் காற்றாக வரும். மத்தியானம் மூன்று மணிக்கு இருட்டிக்கொண்டு வந்து, குலை தள்ளியிருந்த வாழைகளை வரிசையாகச் சாய்த்துவிட்டுப் போயிற்று. ரோட்டோரத்துப் புளியமரம் கரண்டுக் கம்பியின் மேலேயே விழுந்தது. பெட்டிக்குள் இரண்டு பல்புகளும் அணைந்தன. அப்பா சாய்ந்த வாழையைப் பார்க்க ஓடினார். மாமா அடுப்புக்கு ஓடினார்.

சட்டியில் கங்கு அள்ளிப் பெட்டிக்குள் வைத்தார். சூடு ஏறிப் போய்விட்டது. வெளியே எடுத்தார். இறங்கிப் போய்விட்டது. வெந்நீர் நிரப்பிய பாட்டில்களைத் துணியில் சுற்றி வைத்தார். அம்மா வீட்டிலிருந்த போர்வைகளை எல்லாம் கொண்டுவந்து பெட்டியின் மேல் போர்த்தினாள். நான் இரண்டு முட்டைகளைப் பாவாடையில் சுற்றி வயிற்றோடு அணைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். எழுந்து தண்ணீர் குடிக்கக்கூடப் பயமாக இருந்தது. கரண்டு வர இரண்டு நாளாயிற்று. வந்தபோது மாமா பெட்டி முன்னால் குந்தி உட்கார்ந்து, ஒரு முட்டையை எடுத்துக் காதோடு வைத்துக் கேட்டார். பிறகு இன்னொன்று. எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, பெருக்கல் மேலே இருக்கும்படி ஒழுங்காக அடுக்கி மூடினார்.

"என்ன மாமா கேக்குது?" என்றேன்.

"ஒண்ணுமில்ல அம்மிணி. தூங்குது" என்றார்.

அன்று சாயந்திரம் அவர் அப்பாவிடம் போய், "நாளைக்கே திருப்பூர் போறனுங்க மச்சான்" என்றார்.

"நாளைக்குத்தான தம்பி குஞ்சு பொரிக்கற நாளு. பாத்துட்டுப் போயேன்" என்றாள் அம்மா.

"எல்லாம் பாத்தாச்சுங்கக்கா. நான் செஞ்சது எது வேலை செஞ்சிருக்குது?"

அவர் அதைக் கோபமாகச் சொல்லவில்லை. கணக்குக்கு விடை சொல்வதுபோலச் சொன்னார். சொல்லிவிட்டு உள்ளே போய்ப் பையில் துணிகளை வைத்தார். பிறகு பழைய மாதிரியே சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டார். எனக்கு அழுகை வந்தது. வழக்கம்போலக் கட்டிலுக்குக் கீழே உட்கார்ந்து முதுகிடம் பேசிப் பார்த்தேன். அந்த முதுகு இந்த முறை அசையவே இல்லை.

மாட்டுக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டிருந்த அப்பாவிடம் அம்மா பேசியது என் காதில் விழுந்தது. "இந்த மனசோட அவனை அனுப்பிச்சா, அவன் திரும்பி வருவானான்னே எனக்குத் தெரியலீங்க" என்றாள். அழுதுகொண்டேதான் சொன்னாள். திருப்பூர் என்ன அமெரிக்காவா, இரண்டு பஸ் மாறினால் வந்துவிடலாமே, இதற்குப் போய் அழுகிறாளே என்று நினைத்தேன். அப்பா மாட்டின் முதுகைத் தடவிக்கொடுத்தார். பிறகு சம்பந்தமே இல்லாமல் கேட்டார்.

"உன்ற கோழி எப்படி இருக்குது?"

"நல்லா இருக்குதுங்க" என்றாள் அம்மா.

மாமா போகிறாரே என்று வீடே கலங்கிக் கிடக்கிறபோது, ஜென்மத்தில் இல்லாத திருநாளாக அப்பாவுக்கு ஒரு கோழியின் சௌக்கியம் தேவைப்படுகிறதே என்று எனக்கு அவர்மேல் வெறுப்பாக இருந்தது.

மறுநாள் நான் எழுந்தபோது நன்றாக விடிந்திருந்தது. மாமாவின் கட்டில் காலி. பையும் இல்லை. அம்மாவையும் காணோம். முகம்கூடக் கழுவாமல், கடைசியாக ஒருமுறை முட்டைகளைப் புரட்டிவிடலாம் என்று பெட்டியிடம் போனேன். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ஏதோ அசைந்தது. கீச்சென்று ஒரு சத்தம். கண்ணாடியில் மூக்கை வைத்துப் பார்த்தேன். ஈரத் தலையோடு ஒரு குஞ்சு லாடத்தின்மேல் ஏறி நின்றுகொண்டிருந்தது. அதற்குப் பின்னால் இன்னும் இரண்டு. மற்ற முட்டைகளில் விரிசல் விட்டுச் சின்னச் சின்ன அலகுகள் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தன.

நான் போட்ட சத்தத்தில் அம்மா எங்கிருந்தோ ஓடிவந்தாள். தலை முடியாமல் கிடந்தது. கால் முட்டிவரை சேறு. கையில் காலிக் கூடை. "பொரிச்சுப்போட்டுதா?" என்று கேட்டவள் பதிலுக்குக் காத்திருக்கவில்லை. பெட்டியைத் திறந்து, பாதி ஓட்டுக்குள் இருந்த ஒரு குஞ்சை எடுத்து என் பாவாடையில் வைத்து மடித்தாள். "ஓடு கண்ணு. மாமன் பஸ் ஏறதுக்குள்ள ஓடு. இதக் காட்டு" என்றாள்.

வரப்பு வழியாக ஓடினேன். இரண்டு முறை வழுக்கினேன். பாவாடையை மட்டும் விடவில்லை. பஸ் நிற்கும் இடத்தில், சாய்ந்த புளியமரத்துக்குப் பக்கத்தில் இருந்த சின்னப் பாலத்தின் சுவரில் மாமா உட்கார்ந்திருந்தார். பை காலடியில் இருந்தது. எனக்கு மூச்சு வாங்கியதில் பேச்சு வரவில்லை. பாவாடையை விரித்துக் காட்டினேன். ஓடியதில் ஓடு முழுதும் கழன்று, குஞ்சு நனைந்த பஞ்சுபோல என் மடியில் கிடந்து கத்தியது.

மாமா அதை இரண்டு கையாலும் எடுத்தார். வாயால் ஊதி ஊதிச் சூடு கொடுத்தார். அவர் முகமெல்லாம் சந்தோஷம். "பொரிச்சுருச்சா? நிஜமாலுமா?" என்று கேட்டுக்கொண்டே இருந்தார். பிறகு என் மடியில் கிடந்த ஓட்டைப் பார்த்தார். ஒரு பாதியை எடுத்துத் திருப்பினார். மறுபாதியை எடுத்துத் திருப்பினார்.

எனக்கும் அப்போதுதான் பட்டது. "மாமா, பெருக்கலும் காணோம், சுழியும் காணோம்" என்றேன்.

வாய்க்கால் மேட்டுப் பக்கமிருந்து ஒரு கோழி விடாமல் கத்திக்கொண்டிருந்தது. எதையோ பறிகொடுத்துவிட்டுத் தேடுகிற கத்தல். மாமா தலையைத் தூக்கி அந்தப் பக்கம் பார்த்தார்.

"உங்கம்மா எங்க அம்மிணி?"

"ஊட்டுலதான். காலெல்லாம் சேறு."

பஸ் வந்து நின்றது. கண்டக்டர் படியில் தொங்கியபடி, "ஏனுங்க, வாரீங்களா, இல்லீங்களா?" என்று கேட்டார்.

"இல்லீங்க. நீங்க போங்க" என்றார் மாமா.

பஸ் கிளம்பிய புழுதியில் அவர் கண்ணெல்லாம் நீர் வழிந்தது. ராத்திரி மறுபடி பெய்த மழையில் ரோடு இன்னும் ஈரமாக இருந்தது என்பதை நான் யோசிக்கவில்லை. அவர் ஓட்டுத் துண்டுகளைக் கையால் நொறுக்கி வாய்க்காலில் போட்டார். குனிந்து என் தலையைக் கோதிவிட்டார்.

"சூட்டுல அழிஞ்சுபோச்சு அம்மிணி. பென்சில்தான், சூட்டுல அழிஞ்சுபோகும்" என்றார்.

வீட்டுக்கு வந்ததும் அவர் அம்மாவிடம், "அக்கா, மிஷின் பொரிச்சுப்போட்டுதுங்கக்கா" என்றார். "நாந்தான் சொன்னனல்ல" என்றாள் அம்மா. இருவரும் குஞ்சுகளைத்தான் பார்த்தார்கள். அப்பா வந்து பெட்டி முன்னால் குந்தி உட்கார்ந்து கண்ணாடி வழியாக வெகுநேரம் பார்த்தார். "நல்ல மிஷின் மாப்ளே" என்றார். எழுந்து போகும்போது, "நாற்றங்காலுக்கு ஒரு வலை வாங்கிக் கட்டோணும்" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார்.

குஞ்சுகளுக்கு அணைக்க ஒரு தாய் வேண்டும் என்று சொல்லி அம்மா அன்றே சிவப்புப் பெட்டையைத் தூக்கி வந்துவிட்டாள். அது என்ன செய்ததென்றால், வாசலில் விட்டதும் சிறகை விரித்துக்கொண்டு குஞ்சுகளிடம் ஓடியது. குஞ்சுகளும் வெகுநாள் தெரிந்தவர்களைப் பார்த்ததுபோல் அதன் வயிற்றுக்கடியில் புகுந்துகொண்டன. மிஷினில் பிறந்த குஞ்சுக்குக் கோழியின் பாஷை எப்படித் தெரிகிறது என்று நான் எல்லோரையும் கேட்டேன். அப்பா, "உங்க மாமன் கெட்டிக்காரன்" என்று ஒரே வார்த்தையில் முடித்துக்கொண்டார்.

இந்தப் புகழை நான் சும்மா விடவில்லை. ஊர்க் குழந்தைகளை எல்லாம் கூட்டிவந்து காட்டினேன். பால் ஊற்ற வந்தவர்கள், உரம் வாங்க வந்தவர்கள், கல்யாணப் பத்திரிகை கொடுக்க வந்தவர்கள் யாரும் தேயிலைப் பெட்டியைப் பார்க்காமல் எங்கள் வாசலைத் தாண்ட முடியாது. பார்க்க வந்தவர்களில் ஒருவர், "இதையே செய்யறவருக்கு என்ற பம்புசெட்டு மோட்டார் எம்மாத்திரம்?" என்று, எரிந்துபோன மோட்டாரை மறுநாள் வண்டியில் ஏற்றிவந்து இறக்கினார். மாமா அதைப் பிரித்துப் புதிதாகக் கம்பி கட்டினார். ஓடியது. ஓடிக்கொண்டே இருந்தது. அடுத்த மோட்டார் வந்தது. அப்பா கிணற்றடி மோட்டார் ரூமை ஒழித்துக் கொடுத்தார். திருப்பூரைப் பற்றி அதற்குப் பிறகு யாரும் பேசவில்லை. தேயிலைப் பெட்டியில் மறுபடி முட்டை வைக்கச் சொல்லி நான் எவ்வளவோ நச்சரித்தேன். மாமா அதில் ஸ்பேனர்களைப் போட்டு வைத்துக்கொண்டார்.

குஞ்சுகள் தாயை விட்டு மேயத் தொடங்கிய சமயத்தில் வாய்க்கால் மேட்டு அக்கா ஒரு கூடையோடு வந்தார். அம்மா குஞ்சுகளைக் கொடாப்புக் கூடைக்குள் கவிழ்த்துப் பிடித்து, சரிபாதியை அவர் கூடையில் போட்டாள். நான் வாசலில் விழுந்து புரண்டேன்.

"எங்க மாமன் மிஷின்ல பொரிச்சது. இவங்களுக்கு எதுக்கு?"

"வாரம்னா வாரந்தான அம்மிணி" என்று அக்கா சிரித்துக்கொண்டே ஆரம்பித்தார். அம்மா அவரை ஒரு பார்வை பார்த்தாள். அக்கா சட்டென்று, "முட்டை என்னோடதுதான கண்ணு" என்று மாற்றிக்கொண்டார். ஒரு முட்டைக் கடனுக்கு இத்தனை குஞ்சுகளா, அம்மாவுக்கு விவரமே போதாது என்று அன்று முழுக்க நான் அவளோடு பேசவில்லை.

பள்ளிக்கூடம் திறந்தது. ஐந்தாம் வகுப்பில் கணக்கு கொஞ்சம் முரட்டுத்தனமாக இருந்தது. ஒரு நாள் காலையில், வீட்டில் போட்டுவந்த வகுத்தல் கணக்குகள் முழுப் பக்கமும் தப்பு என்று தெரிந்தது. ரப்பர் தொலைந்துபோயிருந்தது. எனக்குத்தான் விஞ்ஞானம் தெரியுமே. அம்மா தோசை சுட்டுக்கொண்டிருந்த அடுப்புக்குப் பக்கத்தில் போய் உட்கார்ந்து, நோட்டை விரித்து நெருப்புக்கு நேரே பிடித்தேன். எழுத்து அழியவில்லை. தாள் முதலில் மஞ்சளானது, பிறகு பழுப்பானது, பிறகு ஓரத்தில் தீப்பிடித்தது.

அம்மா பிடுங்கித் தரையில் அடித்து அணைத்தாள். "என்ன வேலை செஞ்சுபோட்ட நீ? நோட்டைக் கொண்டாந்து எதுக்கு நெருப்புல காட்டற?"

"எழுத்து அழியட்டும்னு. மாமன்தான் சொன்னாங்க, பென்சில் சூட்டுல அழியும்னு."

"மாமன் எப்பச் சொன்னான்?"

"அன்னிக்கு. பஸ் நிக்கற எடத்துல. ஓட்டைத் திருப்பித் திருப்பிப் பாத்தாங்க. பெருக்கலும் இல்ல, சுழியும் இல்ல. அப்பச் சொன்னாங்க."

அம்மா கையில் தோசைத் திருப்பியோடு அப்படியே நின்றாள். கல்லில் தோசை கருகி வாசனை வந்தது. அவள் எடுக்கவில்லை. கிணற்றடியிலிருந்து மாமா ஓட விட்டுப் பார்க்கும் மோட்டாரின் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. அதோடு சேர்ந்து ஏதோ பாட்டை அவர் முணுமுணுப்பதும். அம்மா ஜன்னல் வழியாக அந்தப் பக்கம் பார்த்தாள். பார்த்துக்கொண்டே இருந்தவள், திடீரென்று தரையில் உட்கார்ந்து, கருகிய நோட்டை மடியில் வைத்துக்கொண்டு, சத்தம் வெளியே போகாமல் முந்தானையை வாயில் அடைத்து அழுதாள்.

நான் பயந்துபோய் அவள் கழுத்தைக் கட்டிக்கொண்டேன். இனிமேல் இப்படிச் செய்யமாட்டேன் என்று சத்தியம் செய்தேன். அட்டைகூடப் போடாத ஒரு கணக்கு நோட்டுக்காக அம்மா இவ்வளவு அழுவாள் என்று எனக்கு அதுவரை தெரியாது.